பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ: நெல்லைச் சீமையில் என்ன விலைக்குத் தகும்?

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடியில் பழைய கார் விற்கும் கன்சல்டிங்குகளில் ஸ்விஃப்டுக்கும் ஐ20-க்கும் கண்ணாடியில் விலை எழுதி ஒட்டியிருப்பார்கள். பக்கத்தில் ஃபோக்ஸ்வேகனின் டர்போ பெட்ரோல் வண்டியான போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று நின்றால் அதற்கு மட்டும் விலை இருக்காது. கேட்டால், "மொதல்ல வண்டிய ஒரு ரவுண்டு எடுத்துப் பாருங்க அண்ணாச்சி, வெல பொறவு பேசிக்கிடலாம்" என்பார்கள். காரணம் தெரிந்ததுதான். ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை அழுத்தியவனிடம் கூடுதலாக 50,000 கேட்கலாம். எனவே ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே விலையைக் கேட்டு, அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பிறகு சாவியை வாங்குங்கள்.

2013-ல் வந்தபோது இதன் டெல்லி ஷோரூம் விலை 7.99 லட்சம். 2022-ல் போலோவே இந்தியாவில் நின்றுபோனது. "இனிமே இப்படி ஒரு வண்டி வராது" என்பது விற்பவரின் முதல் வசனம். அது பொய்யில்லை. ஆனால் இனி வராத வண்டிக்கு உதிரிபாகமும் வருஷத்துக்கு வருஷம் எளிதாகக் கிடைக்கப்போவதில்லை. அந்த இரண்டாவது பாதியை வாங்குபவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வண்டிகள் சந்தையில் இருப்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். 2013 முதல் 2020 தொடக்கம் வரை வந்தது 1.2 லிட்டர், 4 சிலிண்டர், 105 பிஎஸ் (குதிரைத்திறன்), 175 என்எம் டார்க் (இழுவிசை), 7 கியர் டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு கிடைத்தது 1.0 லிட்டர், 3 சிலிண்டர், 110 பிஎஸ், அதே 175 என்எம், ஆனால் கியர்பாக்ஸ் சாதாரண டார்க் கன்வர்ட்டர் 6 கியர் ஆட்டோமேட்டிக். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதே 1.0 டர்போ என்ஜினும் 6 கியர் மேனுவலும் சேர்ந்து கம்ஃபர்ட்லைன், ஹைலைன் பிளஸ் என்ற பெயர்களில் வந்தது. பின்கதவில் ஜிடி என்ற எழுத்து இருக்காது. எங்கள் கணிப்பில் நம் பக்கத்துக்கு ஏற்றது இந்த மேனுவல்தான். ஓட்டும் சுகத்தில் ஜிடிக்கு ஒரு படி மேலே, பராமரிப்புச் செலவில் பல படி கீழே. எழுத்துக்காக லட்சம் கூடுதலாகக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும்.

1.2 வண்டிதான் வேண்டும் என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் சந்தையில் அதிகம் கிடைப்பதும் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். இதில் இருக்கும் டிஎஸ்ஜி எண்ணெயில் நனையாத, உலர்ந்த இரட்டைக் கிளட்ச் வகை. ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களைப் பார்க்கும். மற்றது 2, 4, 6, ரிவர்ஸ். நெடுஞ்சாலையில் இதற்கு இணை கிடையாது. கியர் மாறுவது காதுக்குத்தான் தெரியும், உடம்புக்குத் தெரியாது. ஊருக்குள் நிலைமை வேறு. பிரேக்கைப் பாதி விட்டு வண்டியை ஊர்ந்து போக விடும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை எடுத்துப்போக எண்ணெய் இல்லை. மே மாதம் மதியம் நெல்லை வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரை நெரிசலில் தினமும் ஊர்ந்த வண்டிக்கும், கேடிசி நகரிலிருந்து கிளம்பி நான்கு வழிச்சாலையில் நாகர்கோவில் போய்வந்த வண்டிக்கும் மீட்டரில் ஒரே 60,000 கி.மீ. இருக்கலாம். கிளட்ச் ஆயுள் ஒன்றாக இருக்காது. ஆகவே "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு" என்பதைவிட "எங்கே ஓடிச்சு" என்பதே நல்ல கேள்வி.

சோதிக்க நல்ல இடம் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம். கூட்டம் இருக்கும் நேரமாகப் போங்கள். வண்டி அரை மணி நேரமாவது ஓடிச் சூடாகியிருக்க வேண்டும்; குளிர்ந்த டிஎஸ்ஜி பெரும்பாலும் நல்லபிள்ளை போலத்தான் நடக்கும். ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விடுங்கள். ஹில் ஹோல்டு இரண்டு நொடி பிடித்திருக்கும். பிறகு மெதுவாகக் கால் வைக்கும்போது வண்டி சீராகக் கிளம்ப வேண்டும். ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் 'கடகட' என்று ஒரு நடுக்கம் வந்தால் கிளட்ச் தேய்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்து 1-லிருந்து 2-க்கு மாறும்போது இடி இருக்கிறதா, வேகம் குறைந்து 2-லிருந்து 1-க்கு இறங்கும்போது 'டொக்' என்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். பாலத்தைவிட்டு இறங்கியதும் ஏதாவது சந்தில் ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். லீவரைத் தள்ளியபின் ஒன்றரை, இரண்டு நொடி யோசித்துவிட்டு வண்டி நகர்ந்தால் இரட்டைப்படைக் கிளட்சிலோ மெக்கட்ரானிக்கிலோ வேலை இருக்கிறது.

மெக்கட்ரானிக் என்பது கியர்பாக்ஸின் மூளையும் கையும் சேர்ந்த பெட்டி. உள்ளே பம்ப், அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யுமுலேட்டர், வால்வுகள், மின்பலகை எல்லாம் ஒன்றாக இருக்கும். அக்யுமுலேட்டர் பிடிப்பில் விரிசல் விட்டு அழுத்தம் இறங்கினால் மீட்டரில் கியர் எழுத்துகள் மின்னும். சில சமயம் ஒற்றைப்படை கியர் மட்டும் வேலை செய்யும், சில சமயம் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். முழுப் பெட்டியாக மாற்றினால் லட்சத்தைத் தாண்டும். கிளட்ச் செட்டும் மலிவில்லை. அதை மாற்றத் தனிக் கருவிகளும், மாற்றியபின் பிழைப் பதிவைப் படிக்கும் ஸ்கேனரில் செய்யும் அடாப்டேஷனும் (புது கிளட்சுக்கு ஏற்ப கியர்பாக்ஸைச் சரிசெய்வது) தேவை. தெருமுனை மெக்கானிக்கிடம் விடக்கூடிய வேலை அல்ல. கிளட்சோ மெக்கட்ரானிக்கோ ஏற்கெனவே மாற்றியிருந்தால் அது குறையல்ல, கூடுதல் மதிப்பு. பில் கேளுங்கள். பில் இல்லாமல் "மாத்தியாச்சு" என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு.

ஸ்கேனர் விஷயத்தில் ஒரு சிக்கனம் பெரும் நஷ்டத்தில் முடியும். ஆயிரம் ரூபாய் ப்ளூடூத் டாங்கிள் என்ஜினை மட்டும்தான் படிக்கும். கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாவற்றையும் திறக்க விசிடிஎஸ் அல்லது ஓபிடி-லெவன் போன்ற, இந்தக் கம்பெனி வண்டிக்கென்றே உள்ள கருவி வேண்டும். அதை வைத்திருக்கும் ஆளைக் கூலி கொடுத்தாவது அழைத்துப் போங்கள். பதிவான பழைய பிழைகள் பலவற்றோடு, அவை வந்தபோது ஓடியிருந்த கிலோமீட்டரும் சேமிக்கப்பட்டிருக்கும். மீட்டரில் 58,000, பிழைப் பதிவில் 91,000 என்று இருந்தால் அங்கேயே எழுந்துவிடலாம். இன்னொன்று: ஸ்கேனரைச் செருகியதும் ஒரு பிழைகூட இல்லாமல், பளிச்சென்று, நேற்று அழித்ததுபோல் இருக்கிறதென்றால் நேற்றுதான் அழித்திருக்கிறார்கள். 40 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி செருகுங்கள்.

என்ஜின் பக்கம் வருவோம். காலையில், சொல்லிவிட்டுப் போகாமல் போவது நல்லது. போன உடன் பானெட் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். 1.2-ல் டைமிங் செயின். குளிர்ந்த என்ஜினை எழுப்பும்போது இரண்டு மூன்று நொடி சங்கிலி உரசும் கரகரப்புக் கேட்டால் செயினும் டென்ஷனரும் தளர்ந்திருக்கின்றன. 1.0-ல் பெல்ட், இந்தக் கவலை இல்லை. இரண்டுமே பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை என்பதால் உள்ளிழுக்கும் வால்வுகளின் முதுகைப் பெட்ரோல் கழுவாது, கரி படியும். காலையில் ஐடிலில் ஒரு தள்ளாட்டம், சூடானதும் சரியாகிவிடுவது அதன் அடையாளம். கூலண்ட் டப்பாவைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்க வேண்டும். வெளிறிப்போய், அடியில் துருநிறம் தெரிந்தால் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், அதுவும் நம் பக்கத்து உப்புத் தண்ணீர். எங்கேயோ கசிந்ததால்தானே ஊற்றினார்கள்? தெர்மோஸ்டாட் கூடு, வாட்டர் பம்ப் சுற்றிலும் காய்ந்த இளஞ்சிவப்புக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள்.

சஸ்பென்ஷன் பெரிய விஷயமில்லை. வேகத்தடையில் 'டக் டக்' கேட்டால் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட். தேயத்தான் செய்யும், விலையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: ஆனி, ஆடி மாதங்களில் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் எந்தக் காரும் பக்கவாட்டில் இழுக்கும். அதை அலைன்மென்ட் கோளாறு என்று பேரம் பேசினால் விற்பவர் சிரிப்பார். நேராக ஓடுகிறதா என்று பார்க்கக் காற்றில்லாத இடமாகப் போங்கள்.

இனி இந்தச் சீமைக்கே உரிய மூன்று சங்கதிகள்: வெள்ளம், உப்பு, தேரி மண்.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி பெருகி ஜங்ஷன், கொக்கிரகுளம், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் தண்ணீரில் நின்றன. அந்தத் தண்ணீரில் நின்ற கார்கள் ஆவியாகிவிடவில்லை. கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முன்சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுங்கள். கடைசி ஒரு சாண் யாரும் கழுவாத இடம். அங்கே பழுப்புக் கோடு இருந்தால் அதுதான் தண்ணீர் நின்ற மட்டம். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து, குழியின் மூலையில் விரலை விட்டுத் தடவுங்கள். மாவு மாதிரி நைசான வண்டல் ஒட்டினால் அது ரோட்டுப் புழுதி இல்லை, ஆற்று மண். சீட் தண்டவாள போல்ட்டுகளில் துரு, டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனர் செருகும் இடத்தின் பின்களில் பச்சை பூத்திருப்பது, ஏசியை உள்காற்றில் வைத்து ஐந்து நிமிஷம் கழித்து வரும் ஈரச்சாக்கு வாடை, எல்லாம் அதே கதையைத்தான் சொல்லும்.

காகிதத்திலும் இதைப் பிடிக்கலாம். கடந்த மூன்று நான்கு வருஷ இன்ஷூரன்ஸ் பாலிசிகளை வரிசையாகக் கேளுங்கள். க்ளெய்ம் எடுக்காத வருஷங்களுக்கு நோ க்ளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். 2023-ல் 45 இருந்து, வெள்ளத்துக்கு அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம் ஆகியிருந்தால் நடுவில் ஒரு க்ளெய்ம் போயிருக்கிறது. என்ன க்ளெய்ம் என்பதை விற்பவர் பில்லோடு விளக்கட்டும். பாலிசி நகல் தர மறுத்தால் அதுவே பதில்.

தூத்துக்குடி உப்பளப் பக்கமோ, உவரி, திருச்செந்தூர் கடற்கரையோரமோ வெயிலில் நின்ற வண்டி மேலே பளபளக்கும், அடியில் அரித்திருக்கும். லிஃப்ட்டில் ஏற்றாமல் தூத்துக்குடிப் பதிவான டிஎன் 69 வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். சைலன்ஸர் இணைப்பு, பின் ஆக்ஸில், பிரேக் குழாய், கதவுக்கு அடியில் ஓடும் விளிம்பு ஆகிய இடங்களில் ஸ்குரூடிரைவர் முனையால் தட்டுங்கள். புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வண்டியில் சிவப்புத் தேரி மண் சீட் தண்டவாளம்வரை இருக்கும். அது அழுக்குதான், நோயில்லை. ஆனால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். டர்போவுக்கு அந்த நைஸ் மணலைப்போல எதிரி கிடையாது.

பாடியைப் பார்க்கப் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி ஒன்று போதும். கம்பெனிப் பெயிண்ட் சுமார் 80 முதல் 150 மைக்ரான். 200-க்கு மேல் மறு பெயிண்ட். 500, 1000 என்று காட்டினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள். பம்பர் உரசிப் பெயிண்ட் அடித்ததற்கெல்லாம் அலட்டிக்கொள்ள வேண்டாம். கூரையிலோ கதவுத் தூண்களிலோ பட்டி என்றால் வேண்டாம்.

ஜிடி என்றாலே, என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியை ஏற்றும் ரீமேப் பேச்சு வரும். 175 என்எம்-ஐ 220-க்கு மேல் ஏற்றுவது மடிக்கணினியில் முடிகிற வேலை. அந்த டிஎஸ்ஜி வடிவமைக்கப்பட்ட உச்ச அளவு 250 என்எம். கணக்கில் இடம் இருப்பதுபோல் தோன்றும். தேய்ந்த கிளட்ச் அந்தக் கணக்கைப் பார்க்காது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம் க்ளெய்மையும் கெடுக்கும். "ஸ்டேஜ் ஒன் பண்ணிருக்கு, அதுக்கே 40,000 ஆச்சு" என்று விலையில் சேர்ப்பார்கள். எங்களைக் கேட்டால் அந்த 40,000-ஐக் கழிக்க வேண்டும்.

நியாய விலைக்கு வருவோம். இணையத்தில் கேட்கும் விலைகளைச் சராசரி போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அவை ஆசைகள், முடிந்த வியாபாரங்கள் அல்ல. பாலிசியிலுள்ள ஐடிவியையும் (இன்ஷூரன்ஸுக்காக வண்டிக்குப் போடும் மதிப்பு) சிலர் காட்டுவார்கள். முதல் ஐந்து வருஷத்துக்குத்தான் ஐடிவிக்கு நிலையான தேய்மான விகிதம் உண்டு. அதன்பின் கம்பெனியும் ஓனரும் பேசி வைத்துக்கொள்ளும் எண். விற்பதற்கு முந்தின புதுப்பிப்பில் ஐடிவியை ஏற்றிப் போட்டுக்கொள்வதும் நடக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு. 2016 மாடல் 1.2, 70,000 கி.மீ., இரண்டாம் ஓனர், கேட்கும் விலை 5.75 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் செய்தது; பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ரப்பர் கெட்டித்துவிட்டது. நான்கும் மாற்ற 28,000. சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராட், கூலியோடு 15,000. ஆயில், ஃபில்டர்கள், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில் சேர்ந்த பெரிய சர்வீஸ் 14,000. பேட்டரி 7,000. இன்ஷூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது, 13,000. இதுவரை 77,000. கிளட்ச் இன்னும் பழையதுதான், நடுக்கம் இல்லை. ஆனாலும் வரப்போகும் செலவுக்கு 60,000 ஒதுக்குங்கள். மொத்தம் 1,37,000. மிச்சம் 4.38 லட்சம்.

"இன்ஷூரன்ஸ் எந்த வண்டி வாங்கினாலும் கட்டத்தானே வேணும் அண்ணாச்சி" என்பார். அதில் நியாயம் இருக்கிறது; அந்த 13,000-ஐ விட்டுக்கொடுங்கள். கிளட்ச் 60,000-ஐ விடாதீர்கள். 4.40-ல் ஆரம்பித்து 4.50 வரை போகலாம். அதற்குமேல் போனால் கூடுதல் பணம் வண்டிக்கு அல்ல, பின்கதவில் இருக்கும் இரண்டு எழுத்துக்கு. 1.0 ஆட்டோமேட்டிக் என்றால் கிளட்ச் ஒதுக்கீடு தேவையில்லை. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்குப் பில் இருந்தால் போதும். அதனால்தான் அதன் விலை அவ்வளவு எளிதாக இறங்குவதில்லை, இறங்கவும் வேண்டியதில்லை.

செங்கோட்டை வழியாக வரும் கேரள (கேஎல்) நம்பர் வண்டி மலிவாகத் தெரியும். அங்கிருந்து ஃபார்ம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரியை மறுபடி கட்டி, புது நம்பர் போட்டபிறகு மலிவா என்று பாருங்கள். 2018 வெள்ளம் அவர்களுக்கும் வந்தது. உள்ளூர் வண்டி என்றால் பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. லோன் இருந்தது என்றால் ஃபார்ம் 35-ம் வங்கியின் என்ஓசியும். ஆர்.சி.யில் ஹைபோதிகேஷன் (கடன் பதிவு) நீங்கியிருக்கிறதா, இ-சலான் பாக்கி இருக்கிறதா என்பதைப் பரிவாஹன் தளத்தில் நீங்களே பாருங்கள். கைக்கு வந்த 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்றிவிடுங்கள். விற்பவரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அவருடனே போய்விடும். டோக்கன் கொடுக்கும்போது, "ஸ்கேனிலும் லிஃப்ட் சோதனையிலும் குறை இருந்தால் முழுத்தொகையும் திரும்பத் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போலோவுக்கு மாற்று என்னென்ன? ஹூண்டாய் ஐ20 என் லைன், 2021 முதல், 120 பிஎஸ். சர்வீஸ் தேடி அலைய வேண்டாம், மனநிம்மதி. அதன் டிசிடி-யும் (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) உலர் கிளட்ச்தான் என்பதால் மேம்பாலச் சோதனை அதற்கும் உண்டு. 2023 செப்டம்பருக்குப் பிறகு வந்த 6 கியர் மேனுவல் இன்னும் நல்லது. பலேனோ ஆர்எஸ், 102 பிஎஸ், 5 கியர் மேனுவல், அமைதியான ஆள். 2023-ல் பிரேக் வேக்கம் பம்புக்காக 7,213 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், அது செய்தாயிற்றா என்று மட்டும் கேளுங்கள். டாடா டியாகோ ஜேடிபி கோயம்புத்தூர் ஜெயம் கைபட்டது, 114 பிஎஸ், சின்ன உடம்பு, நல்ல சிரிப்பு. அதற்கென்றே செய்த பம்பரும் பானெட்டும் உடைந்தால் சிரிப்பு நிற்கும். ஃபியட் அபார்த் புன்ட்டோ 145 பிஎஸ், இந்த விலையில் இதைவிட முரட்டு வண்டி கிடையாது. ஃபியட் கார் விற்பனையே இங்கே நின்றுவிட்ட நிலையில், வீட்டில் இரண்டாவது கார் ஒன்றும், ஃபியட் தெரிந்த மெக்கானிக் ஒருவரும் இருப்பவர்கள் மட்டும் அதைப் பார்க்கலாம்.